பதினான்காம் எண் கோழியும் கதவோரத்து நாற்காலியும்

மெரிட் துறை என்னும் ஆற்றங்கரை ஊரின் நகர்மன்றக் கொசுக் கண்காணிப்புப் பிரிவில் முப்பத்தொரு கோடைகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் முனைவர் கிளெனிஸ் ராத்போன் அவர்களுக்கு, அவரோடு சேற்றில் நின்றோர் உவந்தளிக்கும் பாராட்டு மடல்

கொசுவின் குலமும் கோத்திரமும் அறிந்த கோமகளே! கொக்கின் கூட்டுக்குள் நடப்பதைக் கூப்பிடு தூரத்தில் நின்றே கண்டுசொல்லும் கூரறிவே! முழங்கால் சேற்றில் முப்பத்தொரு கோடை நின்றும் முகஞ்சுளிக்காத முதல்வியே! அந்தி சாயும் நேரத்தில் ஆற்றங்கரையில் அமர்ந்து அச்சமின்றிப் பியர் அருந்தும் ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, முதல் மிடற்றுக்கு முன் தங்கள் நலம் வேண்டிக் கோப்பையை உயர்த்தக் கடமைப்பட்ட தகைமையரே! வணக்கம்!

இதற்குமேல் தங்களை நேர்நோக்கிப் புகழ எங்களுக்கு அனுமதி இல்லை. விழா என்று வாயைத் திறந்ததுமே தாங்கள் விதித்த நிபந்தனையை இந்த மண்டபம் முழுதும் அறியும்.

"மூஞ்சிக்கு நேரா புகழ ஆரம்பிச்சீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் எனக்கு வேணும்."

நாங்கள் விடவில்லை, பேசினோம், இறங்கினோம், ஏறினோம், போகிறோம் என்று வாசல்வரை போய்த் திரும்பினோம். கடைசியில் தொடக்கத்தில் நான்கு விளியும் முடிவில் ஒரு வாழ்த்தும் மட்டுமே நேரே சொல்வது, நடுவில் வருவதெல்லாம் இங்கே இல்லாத யாரோ ஒரு கிளெனிஸைப் பற்றிய பேச்சு என்று வைத்துக்கொள்வது என ஒப்பந்தமாயிற்று. கதவோரத்து நாற்காலியும் கொடுத்தாயிற்று. ஆகவே, அவையோரே, அந்த வேறு கிளெனிஸைப் பற்றிச் சற்றுக் கேளுங்கள்.

அவர் பார்த்த வேலை என்ன என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்; நாளை சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய இம்மடலை வாசிக்கப்போகிறவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். நோய் நம்மைத் தேடிப் புறப்படுவதில்லை. அது வேறோர் இடத்தில் தன்பாட்டுக்குக் குடித்தனம் நடத்துகிறது என்பார் அவர். வெள்ளம் கரை தாண்டினால் குட்டைகள் நிரம்பும். குட்டைகள் நிரம்பினால் கொக்கும் நாரையும் இராக்கொக்கும் கூட்டங்கூட்டமாய் வந்து குஞ்சு பொரிக்கும். மூளைக்காய்ச்சலைத் தரும் நுண்மிக்கு அப்பறவைகளின் குருதியே பூர்வீக வீடு. அங்கே அது இருப்பதால் கொக்குக்கும் கேடில்லை, குளத்துக்கும் கேடில்லை. இடையில் புகுந்து கெடுப்பது கொசு என்னும் தரகர். கொக்கிடம் கொள்முதல், குழந்தையிடம் விற்பனை. சரக்கு பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரவும் வழியில்லை. சந்தைகளில் எத்தனையோ தரகர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். இத்தனை சிறிய உடம்பில் இத்தனை பெரிய அநியாயத்தைக் கண்டதில்லை!

இந்தத் தரகர் ஊருக்குள் கால்வைத்துவிட்டாரா என்பதை முன்கூட்டி அறியவே ஆற்றோரம் காவற்கோழிகளை வைத்திருக்கிறோம். ஒரே நாளில் ஒரே பண்ணையில் வாங்கிய இளங்கோழிகள். காலில் எண் பொறித்த வளையம். வாரந்தோறும் இறக்கையடி நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம். கொசு கடித்தால் கோழிக்கு நோய் வருவதில்லை. ஆனால் கடித்ததற்கான சுவடு அதன் ரத்தத்தில் தங்கிவிடும். போன வாரம் இல்லாத சுவடு இந்த வாரம் இருந்தால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று என்று பொருள். கோடை முடிந்ததும் கோழிகளுக்குப் பணி ஓய்வு. கேட்டவர் வீட்டுக் கொல்லையில் முட்டையிட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கும். இந்தக் கடைசி வழக்கத்தை மட்டும் அவையோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கிளெனிஸ் ஊசி பிடிக்கும் அழகைச் சொல்லாமல் போனால் இம்மடல் மடலாகாது. படபடக்கும் கோழியைப் பக்குவமாய் மடியில் வைத்து, பதறாமல் பிடித்து, பஞ்சால் துடைத்து, பட்டென்று ஒரு துளி எடுத்து, பதிலுக்குச் சட்டைப் பையிலிருந்து ஓர் உலர்திராட்சை கொடுப்பார். திராட்சை கொடுக்காமல் எந்தக் கோழியையும் அவர் கீழே விட்டதில்லை. வாங்கினால் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இனி, நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த பெருவெள்ளத்துக் கோடைக்கு வருவோம். திராட்சை அறுவடை விழாவுக்கு ஆற்றங்கரையில் கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்த வாரம் அது. திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் காவற்கூண்டுகளில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் திராட்சைத் தோட்டக்காரர் கெல் ட்ரூஸ்காட்டின் கூண்டில் பதினான்காம் எண் கோழிக்குச் சுவடு காட்டுகிறது; போன வாரம் இல்லை, இந்த வாரம் இருக்கிறது. அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் கொதிப்பதற்குள் கிளெனிஸ் முடிவெடுத்துவிட்டார்: மாலை நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்து, சூரியன் சாய்ந்தபின் ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் கூடாது.

தேநீர் ஆறுவதற்குள் வணிகர் சங்கத் தலைவர் ரோக்கோ கலாப்ரோ வந்துவிட்டார். கனிச்சந்தையில் அவர் குரலுக்குத் தராசு முள்ளே நடுங்கும் என்பார்கள்.

"கிளெனிஸ், மூணு சாயங்காலம் இருக்கு. ரெண்டை நீ வச்சுக்கோ, ஒண்ணை எனக்கு விடு."

"முடியாது ரோக்கோ."

"சரி, எட்டு மணிக்கே கடையைக் கட்டிடறேன்."

"எட்டு மணிதான் அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம்."

"ஏழரை?"

"ரோக்கோ, நான் என்ன தக்காளியா விக்கிறேன்?"

"தக்காளின்னா எப்பவோ படிஞ்சிருக்குமே! யாரோ ஒரு கோழி சொல்லிச்சாம், ஊரே கடையை மூடணுமாம். அந்தக் கோழியைக் கூட்டிட்டு வா, நான் பேசிக்கறேன்."

"அது உன்னை மாதிரி இல்லப்பா. ஒருதரம்தான் சொல்லும்."

"அடுத்த மன்றக் கூட்டத்துல நான் எந்திரிச்சுக் கேக்கப்போறேன், பாத்துக்கோ. இப்படி ஒரு பிரிவு இந்த ஊருக்கு எதுக்குன்னு கேப்பேன்."

"தாராளமா கேளு. வரும்போது முழுக்கைச் சட்டை போட்டுட்டு வா."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நாங்கள் அடுத்த அறையில் அவரவர் வேலை போய்விட்டதாகவே கணக்குப் போட்டுக்கொண்டோம். ஆனால் கிளெனிஸை வாட்டியது வேறு. பணியில் சேர்ந்த புதிதில், ஆற்றின் மேல்பக்கத்து ஊரொன்றில், இந்தக் காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்த ஒரு பிள்ளையை அவர் பார்த்திருந்தார். பிழைத்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பிள்ளை தன் பெயரையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. தாம் எடுத்த முடிவு தவறாகிவிடுமோ என்று அவர் அஞ்சவில்லை. சரியாகிவிடுமோ என்றுதான் அஞ்சினார்.

புதன்கிழமை காலை ரோக்கோவிடமிருந்து தொலைபேசி வந்தது. தராசு முள்ளை நடுக்கிய குரலே அன்று நடுங்கியது.

"கிளெனிஸ்... மிலேனாவுக்குக் காய்ச்சல். தலை வலிக்குதுங்கறா. கழுத்தைத் திருப்ப முடியலை."

மிலேனா அவருடைய பேத்தி. பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்த சின்னப் பெண்.

"ஆத்துக்குப் போனாளா?"

"போன வாரம் நான்தான் தூண்டில் போடக் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம். முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்திருக்காங்க. கிளெனிஸ், உன் கோழி சொன்னது தப்புன்னு சொல்லேன். நீ தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லு. நான் உன்னை ஊர் பூரா தூக்கிவச்சுக் கொண்டாடறேன்."

வாழ்நாளெல்லாம் விலையைக் குறைக்கப் பேசிய மனிதர், அன்று என்ன விலை சொன்னாலும் கொடுக்கத் தயாராய் நின்றார். கிளெனிஸிடம் விற்பதற்கு அந்தச் சரக்கு இல்லை.

"தெரியாததை நான் சொல்ல முடியாது ரோக்கோ. தெரிஞ்சுக்கிட்டு வரேன். நீ பிள்ளை பக்கத்துல இரு."

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கெல் தோட்டத்துக்குப் போனார். பதினான்காம் எண்ணிடம் இன்னொரு துளி வாங்கி உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றக் கோழிகளிடமும் அன்றே எடுத்துவிட வேண்டும். கெல் ட்ரூஸ்காட் வாசலிலேயே நின்றார். வழக்கமாகக் கிளெனிஸைக் கண்டால் முதல் வேலையாகப் பக்கத்துக் காவற்கூண்டுக்காரர் பாரி போவனைத்தான் இழுப்பார்: பாரியின் கூண்டில் ஆண்டுக்கொரு முறை நரிக்கு விருந்து, தம் கூண்டில் ஓர் இறகுகூடப் போனதில்லை. மதுக்கடையில் அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுச் சுவருக்கே மனப்பாடம். அன்று பாரியின் பெயரே வரவில்லை.

"எல்லாத்தையும் எடுக்கணுமா டாக்டர்? வெயிலா இருக்கு. நாளைக்கு வாயேன்."

"இன்னிக்கே வேணும் கெல். கதவைத் திற."

கூண்டுக்குள் கால் வைத்ததும் இளங்கோழிகள் எல்லாம் வழக்கம்போல் இறகு பறக்க மூலைக்கு ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை. அது எதிரே நடந்துவந்தது. கிளெனிஸின் காலடியில் அமர்ந்தது. தானாகவே இடது இறக்கையைத் தூக்கிக் கொடுத்தது. பிறகு தலையைச் சாய்த்து, அவருடைய சட்டைப் பையை உற்றுப் பார்த்தது.

கிளெனிஸ் குனிந்து வளையத்தைப் பார்த்தார். பதினான்கு. காலைப் பார்த்தார், இளங்கோழிக்கு இல்லாத தடித்த செதில். மறுபடி அந்த முகத்தைப் பார்த்தார்.

"கெல், இது பதினாலு இல்ல."

"வளையத்துல பதினாலுன்னுதானே போட்டிருக்கு?"

"வளையம் பதினாலுதான்யா. கோழி யாரு?"

கெல் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தும் வெகுநேரம் பார்த்தார்.

"...சீமாட்டி."

"உன் பெண்டாட்டி நோயலா வளக்கிற சீமாட்டியா? ரெண்டு கோடைக்கு முன்னாடி நான் ஓய்வு குடுத்து அனுப்பின சீமாட்டியா?"

"போன வாரம் நீ ரத்தம் எடுத்துட்டுப் போன மறுநாள், தாழ்ப்பாள் போட மறந்துட்டேன் டாக்டர். நரி வந்துடுச்சு. பதினாலு போச்சு. பாரிக்குத் தெரிஞ்சா மூணு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பான். எல்லாமே கோழிதானே, ஒரே நிறம்தானேன்னு..."

"சீமாட்டி எங்கேன்னு நோயலா கேக்கலையா?"

"கேட்டா. முட்டைக் கடையில வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லிவச்சிருக்கேன்."

சீமாட்டி யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதற்கு இரண்டு கோடைக்கு முன் ஆற்றின் மேல்பக்கத்துக் காவற்கூண்டில் பணியிலிருந்து, உண்மையாகவே தரகரின் வருகையைக் கண்டுசொன்ன கோழி அது. அந்த எச்சரிக்கையால் ஊர் தப்பியது. அந்தச் சுவடு ஆயுளுக்கும் அதன் ரத்தத்தில் இருக்கும். ஆகவே போன வாரம் ரத்தம் கொடுத்தது பதினான்காம் எண் இளங்கோழி. இந்த வாரம், கிளெனிஸுக்குப் பதிலாக எங்களில் ஒருவர் ஊசியோடு போனபோது, அதே எண்ணில் ரத்தம் கொடுத்தது ஓய்வுபெற்ற சீமாட்டி. சீமாட்டி பொய் சொல்லவில்லை. பழைய செய்தியை மறுபடி சொல்லியிருக்கிறாள், அவ்வளவே.

கிளெனிஸ் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்த கெல்லிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "திராட்சை வச்சிருக்கியா? என்கிட்ட தீந்துபோச்சு." திராட்சைத் தோட்டக்காரரிடம் இல்லாமல் போகுமா? சீமாட்டிக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அதன்பிறகே ரோக்கோவை அழைத்தார்.

"ரோக்கோ, அந்தக் கோழி பேச்சு செல்லாது. அது பழைய கோழி, ஆள் மாறாட்டம்."

"அப்போ மிலேனாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அப்படி நான் சொல்லலை. ஒருத்தி பேச்சு செல்லாதுன்னா மத்தவங்க சாட்சி நமக்கு வேணும். எல்லாக் கோழிக்கிட்டயும் ரத்தம் எடுத்து அனுப்பறேன். கொசுப் பொறியையும் காலி பண்ணி அனுப்பறேன். நாளைக்குத் தெரியும். அதுவரைக்கும் ஆத்தங்கரை மூடியேதான் இருக்கும்."

இதைத்தான், அவையோரே, நாங்கள் இன்றுவரை எண்ணி எண்ணி வியக்கிறோம். தம் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் வழி கண்முன் திறந்திருக்க, ஊரே கைதட்டக் காத்திருக்க, "அபாயம் இல்லை" என்று அப்பொழுதே அறிவிக்காமல், அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு என்று பிரித்துவைத்து, இன்னும் ஒரு நாள் ஏச்சு வாங்கிக்கொள்ளும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்! ரத்தக் குப்பிகளை அனுப்பிவைத்துவிட்டு அவர் நேரே போனது மருத்துவமனைக்கு. ரோக்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசாமல் இருக்கும் ரோக்கோவை இந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

வியாழக்கிழமை நண்பகலில் இரண்டு செய்திகள் வந்தன. சீமாட்டியைத் தவிர ஒரு கோழியிடமும் சுவடில்லை. பொறியில் விழுந்த கொசுக்களிலும் நுண்மி இல்லை. ஆய்வுக்கூடத்தார் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சிகிச்சை அறையிலிருந்து ரோக்கோ வெளியே ஓடிவந்தார்.

"தொண்டைக் காய்ச்சலாம்! கழுத்துல நெறி கட்டியிருக்காம், அவ்வளவுதானாம்! ஐஸ்கிரீம் கேக்கறா! பிஸ்தா வேண்டாமாம், எலுமிச்சைதான் வேணுமாம், ஒண்ணு பத்தாதாம், ரெண்டாம்! மூளைக்காய்ச்சல் வந்தவ இப்படிப் பேரம் பேசுவாளா கிளெனிஸ்? நீ சொல்லு!"

"பேச மாட்டா ரோக்கோ. இது உன் வீட்டு வியாதிதான்."

அந்தப் பெரிய மனிதர் நடைவழியில் நின்று அழுதார், சிரித்துக்கொண்டே அழுதார், எதிரே வந்த தாதியரை எல்லாம் விழாவுக்கு அழைத்தார். மறுநாள் மாலை ஆற்றங்கரையில் விளக்குகள் எரிந்தன. ஊர் முழுதும் முழுக்கைச் சட்டையில் வந்திருந்தது. கிளெனிஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஐந்து நாளில் முதல்முறையாகச் சூடாக ஒரு கோப்பை தேநீர் குடித்தார். அந்த ஒரு கோப்பையின் நிம்மதியை எழுத எங்களிடம் சொல் இல்லை.

மன்றக் கூட்டமும் வந்தது. "கோழி மாறினா கண்டுபிடிக்க என்கிட்ட ஒரு ஏற்பாடும் இல்லை. பிழை என்னுடையது" என்று சொல்லி கிளெனிஸ் அமர்ந்தார், கெல் பெயரே அவர் வாயில் வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து கெல் எழுந்தார்.

"நரி தின்ன கோழிக்கு அவ என்ன பண்ணுவா? தாழ்ப்பாள் போட மறந்தவன் நான். பாரி, நீ இப்பவே சிரிச்சுடு, ஒரே தடவையா முடிச்சுக்கோ."

பாரி சிரித்தார். இன்னும் முடிக்கவில்லை. அடுத்து ரோக்கோ எழுந்தபோது நாங்கள் மறுபடி வேலை போன கணக்கைத் தொடங்கினோம். இப்படி ஒரு பிரிவு இந்த ஊருக்கு எதற்கு என்று கேட்கப்போகிறவரல்லவா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு கொஞ்சக் கோழி இந்த ஊருக்கு எப்படிப் பத்தும்?" அன்றுமுதல் எங்களுக்கு இரண்டு கூண்டுகள் கூடுதல், இரட்டைத் தாழ்ப்பாள்.

ஒப்பந்தப்படி நடுப்பகுதி முடிந்தது. இனித் தங்களை நோக்கியே பேசுகிறோம், கிளெனிஸ். இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருந்தமைக்கு முதல் நன்றி!

அந்தக் கோடைக்குப்பின் தாங்கள் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தீர்கள். புதிதாய் வரும் எந்தக் கோழியும் முதல் ரத்தம் பார்க்காமல் கூண்டுக்குள் போகலாகாது. ஓய்வுபெற்ற எந்தக் கோழியும் இன்னொன்றின் எண்ணில் வேலைக்கு இறங்கலாகாது. முதல் விதியைத் தங்கள் இடத்துக்கு வரப்போகிறவரிடமும் கடைப்பிடிக்கலாம் என்றிருக்கிறோம். இரண்டாம் விதிக்கிணங்க, தங்கள் எண்ணை வேறு எவர் காலிலும் மாட்டோம். இம்மடலின் சட்டத்தில் பதித்திருக்கும் பதினான்காம் எண் வளையம் அதற்கு அடையாளம்.

இன்னொரு பாக்கி. ஒரு துளி ரத்தம் வாங்கிய கோழிக்கெல்லாம் ஓர் உலர்திராட்சை கொடுத்தீர்கள். முப்பத்தொரு கோடை எங்கள் உயிரையே வாங்கியிருக்கிறீர்கள். ஒரு திராட்சையும் கண்டதில்லை. இன்று கெல் ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறார். விழா முடிந்ததும் தங்கள் கையால் ஆளுக்கொன்று வழங்கிவிட்டுத்தான் கதவைத் தாண்ட வேண்டும்.

கண்ணில் ஒளியும் காலில் வலுவும் குன்றாமல், கடியற்ற மாலைகளும் கவலையற்ற காலைகளும் கைகூடி, சீமாட்டியும் பொறாமைப்படும்படி நெடுங்காலம் நலமாய்க் கொல்லைப்புறம் உலவி வாழ்க! ஓய்வுபெற்றவர் குரல் கொடுத்தால் அது பழைய செய்தியாகவே இருக்கும் என்று சீமாட்டியிடம் பாடம் படித்தோம். ஆனால் தங்களிடம் மட்டும் அப்பாடத்தை மறப்பதென்று ஒருமனதாய்த் தீர்மானித்திருக்கிறோம். எந்த வெள்ளத்துக் கோடையிலாவது தங்கள் தோட்டத்து வேலிக்கு அப்பாலிருந்து "மூடு" என்று ஒரு குரல் வந்தால், காரணம் கேளாமல் ஆற்றங்கரையை மூடிவிடுவோம். பேரம் கிடையாது. ரோக்கோவும் கைச்சாத்திட்டிருக்கிறார், "ஏழரை?" என்று ஒரே ஒருமுறை கேட்டுக்கொள்ள மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
மெரிட் துறை நகர்மன்றக் கொசுக் கண்காணிப்புப் பிரிவினர்,
காவற்கூண்டுக்காரர்கள் கெல் ட்ரூஸ்காட், பாரி போவன்,
வணிகர் சங்கத்துக்காக ரோக்கோ கலாப்ரோ,
அவருக்குப் பக்கத்தில் பச்சை வண்ணக்கோலால் தன் பெயரைத் தானே எழுதிய மிலேனா.